ஏஞ்சல்ஸ் தோற்பது காயத்தாலா, முதலாளியாலா?

ராலிகுரங்கு:
அமெரிக்க பேஸ்பாலில் நம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு 2025 சீசனும் 72 வெற்றி, 90 தோல்வி என்று முடிந்தது. 2014க்குப் பிறகு ஏஞ்சல்ஸ், கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. அந்த 2014லும் 98 ஆட்டம் ஜெயித்துவிட்டு, கேன்சஸ் சிட்டியிடம் மூன்றே ஆட்டத்தில் சுருண்டார்கள். ஆளாளுக்கு முதலாளி ஆர்ட்டே மொரேனோவைத் திட்டுகிறார்கள். என் கட்சி வேறு. இத்தனை காயங்களை வைத்துக்கொண்டு எந்த அணியும் தேறாது.

2023 ஜூலையை நினைத்துப் பாருங்கள். சான் டியேகோவில் 3ஆம் தேதி ஒரு பந்தை அடித்த மைக் டிரவுட்டுக்கு இடது கையில், மணிக்கட்டை ஒட்டிய சின்ன எலும்பு முறிந்தது. மறுநாள், பந்தும் வீசி பேட்டும் பிடித்த ஒஹ்டானி விரலில் கொப்புளத்தோடு பந்து வீசும் மேட்டை விட்டு இறங்கினார். அதே ஆட்டத்தில் ஆன்டனி ரெண்டோன் அடித்த பந்து அவர் காலிலேயே பட்டது. இரண்டு நாளில் மூன்று பேர் போனார்கள். இதற்கு மொரேனோ என்ன செய்வார், பாவம்?

கூட்டிக்கழி:
ரெண்டோன் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே. அணி அப்போது அதை வெறும் அடி என்றுதான் சொன்னது. செப்டம்பரில் நிருபர்கள் கேட்டபோது, எலும்பு முறிந்திருக்கிறது என்று ரெண்டோனே சொன்னார். யார் சொன்னது சரி என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரே காலைப் பற்றி வீரர் ஒன்று சொல்கிறார், அணி வேறொன்று சொல்கிறது. இதுவா நிர்வாகம்?

அப்புறம், ரெண்டோனுக்கு ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தது யார்? எந்த சீசனிலும் அவர் 58 ஆட்டத்தைத் தாண்டவில்லை. 2025ல் இடுப்பு அறுவை சிகிச்சை, ஒரு ஆட்டம்கூட இல்லை.

ராலிகுரங்கு:
2020ல் கொரோனாவால் மொத்த சீசனே 60 ஆட்டம்தான். அதில் 52 ஆடினார், நன்றாகவும் ஆடினார். அதையும் சேர்த்து எண்ணி ஏமாற்றாதீர்கள். 2019ல் வாஷிங்டனோடு உலகத் தொடர் (கோப்பைக்கான இறுதித் தொடர்) ஜெயித்துவிட்டு வந்தவர் அவர். அன்றைக்கு அந்த ஒப்பந்தத்தைக் கைதட்டி வரவேற்காத ஏஞ்சல்ஸ் ரசிகர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

கூட்டிக்கழி:
சரி, 2020ஐ உங்களுக்கே விட்டுத் தருகிறேன். ஆனால் இது முதல் தடவையா? 32ஐ நெருங்கிய ஆல்பர்ட் பூஹோல்ஸுக்குப் பத்து ஆண்டு, 24 கோடி. அடுத்த வருடமே ஜாஷ் ஹாமில்டனுக்கு ஐந்து ஆண்டு, 12.5 கோடி. பெரிய பேட்டர் யார் சந்தைக்கு வந்தாலும் மொரேனோ பர்ஸைத் திறப்பார். பிட்சர் (பந்து வீசுபவர்) வாங்க, இளம் வீரர்களை வளர்க்க என்றால் மட்டும் கை வராது. வயதானவர்களை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டுவிட்டு, காயம் காயம் என்று புலம்பினால் எப்படி?

டாட்ஜர்நீலம்:
எதிர்த்தெரு டாட்ஜர்ஸ் அணிக்காரன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 2024ல் எங்கள் பிட்சர்கள் பாதிப் பேர் காயப் பட்டியலில் கிடந்தார்கள். கிளாஸ்னோ இல்லை, கெர்ஷா இல்லை, கேவின் ஸ்டோன் இல்லை. உலகத் தொடருக்கு மூன்றே தொடக்க பிட்சர்களோடு போனோம். யாங்கீஸை ஜெயித்துக் கோப்பையும் வாங்கினோம். உங்களை விட்டு எங்களிடம் வந்த ஒஹ்டானியும் கூட இருந்தார். சும்மா சொன்னேன்.

ராலிகுரங்கு:
உங்கள் ஆட்கள் ஒஹ்டானி ஒருவருக்கே 70 கோடி கொடுக்கிறவர்கள். அந்தப் பணம் இருந்தால் நான்கூட அணி நடத்துவேன்.

கூட்டிக்கழி:
பணமா? மில்வாக்கி 2025ல் 97 ஆட்டம் ஜெயித்தது. மொத்த லீகிலும் அதுதான் அதிகம். சம்பளச் செலவோ ஏஞ்சல்ஸைவிட மிகக் குறைவு.

வலதுமூலை:
நான் இருவருக்கும் நடுவில் நிற்பவன் இல்லை, முழுக்க கூட்டிக்கழி பக்கம்தான். ஆனால் ஒரு இடத்தில் ராலிகுரங்கு சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று ஒஹ்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. அதற்கு முன்பே விரல் பிடிப்பு வந்தபோது ஸ்கேன் எடுக்கலாம் என்று கேட்டதாகவும், ஒஹ்டானி தரப்பு வேண்டாம் என்றதாகவும் அணியின் பொது மேலாளர் பெரி மினாசியன் சொன்னார். அதை அணியின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

ஆனால் அதே மாதம் நடந்த கூத்தைப் பாருங்கள். ஒஹ்டானியை விற்காமல், பிளேஆஃப் போகிறோம் என்று ஜூலை கடைசியில் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபெஸையும் வாங்கினார்கள். கொடுத்தது எட்கர் கெரோ என்ற இளம் கேட்சரையும் ஒரு பிட்சரையும். ஒரு மாதத்தில் அந்த இருவரோடு இன்னும் நால்வரையும் சேர்த்து வேவர்ஸில், அதாவது வேறு அணிகள் சும்மா எடுத்துக்கொள்ளும் பட்டியலில், தூக்கிப் போட்டார்கள். சம்பளச் செலவு மீறினால் கட்டும் சொகுசு வரியின் வரம்புக்குக் கீழே இறங்க வேண்டுமாம். அந்த இருவரையும் கிளீவ்லேண்ட் சும்மா அள்ளிக்கொண்டு போனது. டிசம்பரில் ஒஹ்டானியும் போனார். பதிலுக்குக் கிடைத்தது டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 74ஆவது இடம்.

அந்த இடத்தில் எடுத்த ரையன் ஜான்சனையாவது பொறுமையாக வளர்த்தார்களா? பயிற்சிக் களமான மைனர் லீகில் ஒரு பந்துகூட வீசாத பையனை 2025 தொடக்கத்திலேயே மேலே கொண்டுவந்தார்கள். அடி வாங்கிய பிறகு கீழே அனுப்பினார்கள். 2021 டிராஃப்டில் 20 தேர்வும் பிட்சர்களாகவே எடுத்த அணி இது. இன்னும் பிட்சர் இல்லை என்றுதான் அழுகிறோம்.

ராலிகுரங்கு:
அவசரம் என்பதை ஏற்கிறேன். ஆனால் டிரவுட்? 2024ல் 29 ஆட்டத்தில் 10 ஹோம் ரன், அப்புறம் முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. 2021ல் கெண்டைக்கால், 36 ஆட்டம்தான். அவர் ஒவ்வொரு வருடமும் 150 ஆட்டம் ஆடியிருந்தால் இந்த விவாதமே இருக்காது. எங்களிடம் இருந்தது இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த வீரர், அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

கூட்டிக்கழி:
2016ல் அவர் 159 ஆட்டம் ஆடி மிகச்சிறந்த வீரர் விருதும் வாங்கினார். அணி 74 ஆட்டம்தான் ஜெயித்தது. இப்போது சொல்லுங்கள்.

டாட்ஜர்நீலம்:
ஐயோ.

ராலிகுரங்கு:
அந்த வருடமும் பிட்சர்கள் வரிசையாகக் காயம்தான். காரெட் ரிச்சர்ட்ஸ், ஆண்ட்ரூ ஹீனி... தேடிப் பாருங்கள்.

வலதுமூலை:
காயம் இல்லாத வருடம் என்று ஒன்றைக் காட்டுங்களேன்! பத்து வருடமாகப் பிட்சர்கள் விழுந்துகொண்டே இருந்தால், மாற்று ஆள் வைத்திருக்க வேண்டாமா? இதைத்தான் மோசமான நிர்வாகம் என்கிறோம். ஆட்டத்தை நடத்தும் மேனேஜர் ஷோஷியா 2018ல் போன பிறகு, இடைக்கால ஆட்களை விட்டுவிட்டு எண்ணினாலும், கர்ட் சுசுகி ஐந்தாவது மேனேஜர். அவருக்கும் ஒரே வருட ஒப்பந்தம். அணியை விற்கப் பார்க்கிறேன் என்று 2022 ஆகஸ்டில் சொல்லி, 2023 ஜனவரியில் மனம் மாறியவருக்குக் கீழே யார் நீண்ட காலத் திட்டம் போடுவார்கள்?

ராலிகுரங்கு:
அதே மொரேனோதான் 2003ல் அணியை வாங்கியதும் பீர் விலையைக் குறைத்தார். இன்றைக்கும் குடும்பத்தோடு போய் ஆட்டம் பார்க்க எங்கள் அனஹைம் மைதானம் கட்டுப்படியாகும். டாட்ஜர் ஸ்டேடியத்தில் பார்க்கிங்குக்கே அழ வேண்டும். 99 ஆட்டம் தோற்ற 2024லும் 25 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்கள் எல்லாம் ஏமாளிகளா?

கூட்டிக்கழி:
ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ 18 கோடிக்கு வாங்கிய அணி இன்று 200 கோடிக்கு மேல் போகும். தோற்றாலும் 25 லட்சம் பேர் வருகிறார்கள். பிறகு எதற்கு அவர் பிட்சர் வாங்கப் போகிறார்?

வலதுமூலை:
நான் இந்த வருடம் டிக்கெட் வாங்குவதாக இல்லை. பையன் டிரவுட்டைப் பார்க்கணும் என்று நிற்கிறான். சான் டியேகோவுக்கு ஏஞ்சல்ஸ் வரும்போது அங்கே கூட்டிப் போகிறேன். அந்தக் காசு மொரேனோவுக்குப் போகாதே.

ராலிகுரங்கு:
போங்கள். அந்த மைதானத்தில் டிரவுட்டுக்கு என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன்.