கச்சா எண்ணெய் விலை இறங்கினால் நம்ம ஊர் சபராளிகளுக்கு (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களுக்கு) அடி எங்கே, எப்போது விழும்?

பட்டினத்து_வாசி

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்திலிருந்து கேட்கிறேன். கச்சா எண்ணெய் விலை இறங்குகிறது என்று டிவியில் வந்தாலே, "வளைகுடாவில் ஆள் குறைப்பு" என்ற பேச்சு டீக்கடையில் கிளம்பிவிடுகிறது. இன்னொரு பக்கம், "டீசல் இறங்கும், கடலுக்குப் போறவனுக்கு நல்லதுதானே" என்கிறார்கள். இரண்டும் எந்த அளவுக்கு உண்மை?

மச்சானுக்கு சவூதியின் ஜுபைலில் ஸ்காஃபோல்டர் (சாரம் கட்டும்) வேலை வந்திருக்கிறது. மேன்பவர் சப்ளை கம்பெனி, பேஸிக் 1,500 ரியால், சாப்பாட்டுக்கு 300, இரண்டு வருட ஒப்பந்தம். இந்த நேரத்தில் போகலாமா?

உறவுக்காரர் ஒருவர் அங்கே ஏழு வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கிறார், சம்பளம் 2,000 ரியால். ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். இப்போது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? திரும்பி வந்தால் படகுத் தொழில் கைகொடுக்குமா?

ஷட்டவுன்_பிளானர்

விலை இறங்கிய மறுநாளே யாரையும் விமானம் ஏற்றிவிட மாட்டார்கள். 2014 ஜூனில் பிரண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 115 டாலர் வரை போனது, 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே வந்தது. சவூதியில் ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் சம்பளமில்லாமல் கேம்ப்களில் முடங்கியது 2016 நடுவில். அதாவது அடி வந்து சேர ஒன்றரை, இரண்டு வருடம் ஆனது.

முதலில் வெட்டுவது எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையை. சர்வே, ரிக் (கிணறு தோண்டும் மேடை), ரிக்குக்குச் சாப்பாடு போடும் கேட்டரிங், ஆள் ஏற்றும் படகு எல்லாம் அதோடு சேர்ந்து நிற்கும். கடலில் கால் ஊன்றி நிற்கும் ஒரு ஜாக்-அப் ரிக்கில் சுமார் 100 பேர் இருப்பார்கள், ரிக் நின்றால் சமையல்காரரிலிருந்து ரூம்பாய் வரை அத்தனை பேருக்கும் வேலை இல்லை. 2024 ஜனவரியில் சவூதி அரசு, நாளுக்கு 13 மில்லியன் பீப்பாய் அளவுக்குத் திறனை உயர்த்தும் திட்டத்தைக் கைவிட்டு 12 மில்லியனிலேயே நிற்கச் சொன்னது. அந்த வருடமே 20-க்கும் மேற்பட்ட கடல் ரிக்குகள் நிறுத்திவைக்கப்பட்டன. அப்போது விலை தரைமட்டத்துக்கு வந்திருக்கவில்லை என்பதையும் பாருங்கள்.

அடுத்தது புதுத் திட்டங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிராஜெக்டை நடுவில் நிறுத்துவது அபூர்வம். ஸ்டீல், பைப், வெசல் எல்லாம் முன்பே ஆர்டர் போயிருக்கும். அது முடிந்ததும் அடுத்த சைட் இருக்காது, அங்கேதான் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், ஸ்காஃபோல்டர் எல்லாரும் மொத்தமாக டிமொபிலைஸ் ஆவார்கள், அதாவது சைட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுவார்கள்.

ஷட்டவுன் வேலையை, அதாவது ஆலையை நிறுத்திப் பழுதுபார்ப்பதை, தள்ளிப்போடலாம், அடியோடு தவிர்க்க முடியாது. கேட்டலிஸ்ட் (வினையூக்கி) செத்துவிடும், பிரஷர் வெசலுக்குப் பரிசோதனைக் கெடு இருக்கிறது. ஆனாலும் ஒரு யூனிட் ஷட்டவுன் 30, 45 நாளில் முடிந்துவிடும். மீதி மாதங்களில் ஆளை எங்கே உட்கார வைப்பார்கள் என்பதுதான் கேள்வி. கடைசியாகக் கைவைப்பது தினசரி ஆபரேஷன், மெயின்டனன்ஸ் ஆட்கள் மேல்.

எண்ணெய்க்கே சம்பந்தமில்லாத இடத்தில்தான் பெரிய அடி விழும். அரசுக்கு வருமானம் குறைந்தால் ரோடு, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் கட்டும் கான்ட்ராக்டருக்கு பில் பாஸாகாது. அவர் சப்-கான்ட்ராக்டருக்குக் கொடுக்க மாட்டார், சப்-கான்ட்ராக்டர் லேபருக்குக் கொடுக்க மாட்டார். சவூதி ஓஜர் அப்படித்தான் விழுந்து 2017 ஜூலையில் மூடப்பட்டது. பின்லாதின் குழுமத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: 2015 செப்டம்பரில் மக்கா கிரேன் விபத்துக்குப் பிறகு புது ஒப்பந்தம் எடுக்கத் தடை வந்தது. எல்லாவற்றையும் எண்ணெய் தலையில் கட்ட முடியாது.

உங்கள் மச்சான் கேட்க வேண்டியவை: எந்த கிளையன்ட் (ஆளை வேலைக்கு எடுக்கும் கம்பெனி) சைட்? பிராஜெக்டா, வருடாந்திர மெயின்டனன்ஸ் கான்ட்ராக்டா? கிளையன்டின் வேலை ஆர்டர் எதுவரை? சைட் இல்லாமல் கேம்பில் உட்கார்ந்தால் பேஸிக் முழுசாக உண்டா? சப்ளை கம்பெனிக்குக் கிளையன்ட் மணிக்கணக்கில்தான் பணம் கொடுக்கும். ஆள் சும்மா இருக்கும் நாளில் கம்பெனிக்கு வரவு பூஜ்யம். "நோ ஒர்க் நோ பே" என்று வாயால் சொன்னாலும் சரி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சரி, போக வேண்டாம்.

ஓவர்டைமை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பேஸிக் 1,500-ஐ 240 மணியால் வகுத்தால் மணிக்கு 6.25 ரியால், ஒன்றரை மடங்கு 9.375. தினம் 2 மணி, மாதம் 26 நாள் என்றால் சுமார் 487 ரியால். மந்தம் வந்தால் முதலில் காணாமல் போவது இதுதான். 1,800-இல் கடன் கட்டி, வீட்டுக்கும் அனுப்ப முடிந்தால் மட்டும் போகட்டும்.

இகாமா_கணக்கு

ராஜினாமா விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதிக் கொடுக்கவே வேண்டாம். சவூதிச் சட்டத்தில் கம்பெனி அனுப்புவதற்கும் நாமாகப் போவதற்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

பணி முடிவுத் தொகை: முதல் 5 வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடம் ஒரு மாதச் சம்பளம். 2,000 ரியாலுக்கு 7 வருடம் என்றால் 5 × 1,000 + 2 × 2,000 = 9,000 ரியால். கம்பெனி அனுப்பினால் இது முழுசாக வரவேண்டும். அவரே ராஜினாமா செய்தால், சேவைக்காலம் 5 முதல் 10 வருடத்துக்குள் இருப்பதால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6,000 மட்டும். 2 வருடத்துக்கு மேல், 5-க்குள் என்றால் மூன்றில் ஒன்று. 2-க்கும் கீழே ஒன்றுமில்லை. 10 வருடம் முடித்தவருக்கு ராஜினாமாவிலும் முழுசு.

இதோடு முடியவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒப்பந்தம் எப்போதும் காலவரையறை உள்ளது. சரியான காரணமில்லாமல் நடுவில் முறித்தால், மீதமுள்ள காலத்துக்கான சம்பளம் இழப்பீடு, அது இரண்டு மாதச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. ஒப்பந்தத்திலேயே வேறு இழப்பீடு எழுதியிருந்தால் அதுதான் செல்லும், அதனால் அந்தப் பத்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால் இந்த இழப்பீட்டுப் பேச்சே எழாது. அவர்கள் கடிதம் கேட்பதன் காரணமும் அதுதான்.

இப்போதே செய்யவேண்டியது: கிவா தளத்தில் (சவூதி தொழிலாளர் அமைச்சகத்தின் தளம்) ஒப்பந்தத்தைப் பார்த்து நகல் எடுப்பது, வங்கிக் கணக்கு அறிக்கை, இகாமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை) இரண்டு பக்கமும் படம், டைம்ஷீட் படங்கள். எல்லாம் போனில் மட்டும் இல்லாமல் ஊரில் ஒருவருக்கும் அனுப்பி வைக்கட்டும். "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற அரபித் தாளில் பணம் கணக்கில் ஏறும் முன் கையெழுத்தோ கைநாட்டோ கூடாது.

"லாங் லீவில் போ, வேலை வந்ததும் கூப்பிடுகிறோம்" என்பது இன்னொரு வழி. அதில் செட்டில்மென்ட் இருக்காது. ஊரில் இருக்கும்போதே ரீ-என்ட்ரி (திரும்பி நுழையும் அனுமதி) தேதி முடிந்துவிடும், அதன்பின் அங்கே வழக்குப் போட ஆள் தேட வேண்டும்.

சம்பளம் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால், கம்பெனியின் சம்மதம் இல்லாமலேயே வேறு கஃபீலிடம் (ஸ்பான்சர் முதலாளியிடம்) மாறலாம். புகாருக்கு முதலில் சமரசப் பிரிவு, 21 வேலை நாளில் முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஊருக்கு வந்தே ஆகவேண்டும் என்றால், கிளம்பும் முன் தூதரகம் மூலம் வக்காலத்து கொடுத்துவிட்டு வரட்டும். வந்த பிறகு 'மதத்' (MADAD) என்ற தளத்தில், அதாவது நம் வெளியுறவுத் துறையின் குறைதீர்ப்புத் தளத்தில், பதிவு செய்யலாம். ஆனால் அங்கே இருந்து கேட்பதற்கு உள்ள பலம் இதற்கு இல்லை.

கம்பெனி தள்ளாடுவதற்கு நல்ல அடையாளம் இகாமா. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 800 ரியால் வரை கம்பெனி வரி கட்டுகிறது, வருடத்துக்கு 9,600. கையில் காசில்லாதவன் முதலில் நிறுத்துவது இதைத்தான். இகாமா காலாவதி ஆனால் மருத்துவக் காப்பீடும் வங்கிக் கணக்கும் கூடவே சிக்கும். வருடத்துக்குப் புதுப்பித்தவர்கள் திடீரென மூன்று மூன்று மாதமாகப் புதுப்பித்தால் விழித்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_மேலத்தெரு

காக்கா, எல்லாரும் சவூதியையே பேசுறீங்க. எங்க ஊர்க்காரங்க பாதிப் பேர் துபாய்ல கடை, டிரேடிங், ஆபீஸ். துபாயின் வருமானத்துல எண்ணெய் ரொம்பச் சின்னப் பங்கு. 2009-ல அங்கே விழுந்தது ரியல் எஸ்டேட் கடனால. எண்ணெய் இறங்கினா துபாய்க்கு நேரடி அடி இல்ல, சவூதி, குவைத் வாடிக்கையாளன் வாங்குறதைக் குறைப்பான், அது துபாய் தேரா பஜார் கடைகள்ல தெரியும்.

அமீரகத்துல இருக்கிறவங்க வேலையிழப்புக் காப்பீட்டைக் கட்டாம விட்டுடாதீங்க. 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். பேஸிக் 16,000 திர்ஹத்துக்குள்ளன்னா மாசம் 5 திர்ஹம்தான். தொடர்ந்து 12 மாசம் கட்டியிருந்தா, கம்பெனி நிறுத்தினப்போ பேஸிக்கில் 60 சதவீதம் மூணு மாசம் வரை கிடைக்கும். 30 நாளுக்குள்ள கேக்கணும். இங்கேயும் அதே கதைதான், ராஜினாமா பண்ணினா சல்லிக்காசு கிடையாது.

ஷட்டவுன்_பிளானர்

துபாய் பற்றிச் சொன்னது சரி. அதை குவைத்துக்கு நீட்டிவிட வேண்டாம். அங்கே அரசு வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெய்தான்.

பாம்பன்_வடகடல்

டீசலுக்கு வருகிறேன். கணக்கு சுலபம். ஒரு பீப்பாய் 159 லிட்டர். பீப்பாய்க்கு 10 டாலர் இறங்கி, டாலர் 85 ரூபாய் என்றால் லிட்டருக்கு 5 ரூபாய் 35 காசு இறங்க வேண்டும். பம்பில் இறங்குகிறதா?

2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை விலை சரிந்தபோது மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒருநாள் விலை மைனஸ் 37 டாலருக்குப் போனது. மே மாதம் இங்கே டீசல் கலால் வரி ஒரே இரவில் 13 ரூபாய் கூடியது. 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய். இறங்கிய லாபம் வரியில் போய்விடும், ஏறும்போது மட்டும் நம் தலையில்.

மீனவர்களுக்கு மாநில விற்பனை வரி விலக்கு உண்டு, ஆனால் மத்திய கலால் வரி விலைக்குள்ளேயே இருக்கிறது. விலக்கும் அளவோடுதான்: விசைப்படகுக்கு வருடம் 19,000 லிட்டர், இன்ஜின் பூட்டிய நாட்டுப்படகுக்கு 4,400. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை போக மீதி 43 வாரம். ராமேஸ்வரத்தில் வாரம் மூன்று நாள் தொழில் என்றால் சுமார் 130 தடவை. 19,000-ஐ அதால் வகுத்தால் ஒரு தடவைக்கு 146 லிட்டர்தான். பெரிய இன்ஜின் படகுக்கு இது காணாது, மீதியை வெளி பம்பில் முழு விலைக்கு அடிக்க வேண்டும். காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று தொழில் நாள் குறைவதால் சிலருக்கு ஓரளவு சமாளிக்கிறது என்பது வேறு விஷயம். அதைச் சந்தோஷமாகச் சொல்ல முடியாது.

பங்கு முறையையும் பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்த பிறகுதான் பங்கு. டீசல் 2 ரூபாய் இறங்கி 300 லிட்டர் ஓடினால் 600 ரூபாய் மிச்சம். அது படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பிரிந்தால் ஒரு ஆளுக்கு டீச்செலவு. இறால் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் அதைவிட அதிகம் வரும். டீசல் விலையை நம்பித் தொழிலுக்குத் திரும்புவதில் பொருள் இல்லை. அக்கரை (இலங்கை) கடற்படை பிடித்தால் படகே போகும், அந்த நஷ்டத்தை எந்த டீசல் விலையும் ஈடுகட்டாது.

சபரிலிருந்து வந்த காசில் படகு வாங்குவது இன்னும் மோசம். கடல் தெரியாதவன் படகு வாங்கினால் ஸ்ராங்கு (படகு ஓட்டுபவர்) இல்லாத நாளெல்லாம் அது கரையில் கிடக்கும்.

வழுதூர்_கேட்

இன்னொன்றையும் சேர்க்கிறேன். நம் மாவட்டத்திலேயே எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன, வழுதூர் எரிவாயு மின்நிலையம் அதில்தான் ஓடுகிறது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வயல்களின் எரிவாயு விலை இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம், ஆனால் எம்எம்பிடியூ (எரிவாயுவை அளக்கும் அலகு) ஒன்றுக்குக் கீழே 4 டாலர், மேலே 6.50 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். 2025-இல் மேல் வரம்பு 6.75 ஆனது. ஆகவே அந்த வரம்பின்படி கச்சா எண்ணெய் 67.50 டாலருக்கு மேல் எவ்வளவு ஏறினாலும் இங்கே மாற்றமில்லை, அதற்குக் கீழே போனால்தான் எரிவாயு விலையும் இறங்கும். இதில் உள்ளூர் வேலை வாட்ச்மேன், டிரைவர், தண்ணீர் லாரி என்று கொஞ்சம்தான். திரும்பி வரும் வெல்டரை இது தாங்காது.

பட்டினத்து_வாசி

எல்லாருக்கும் நன்றி. ராஜினாமா கொடுக்க வேண்டாம் என்று உறவுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மச்சான் விஷயத்தில் ஒரு சந்தேகம். ஏஜெண்ட் 90,000 கேட்கிறார். "முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். வீட்டில் நகையை அடகு வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இகாமா_கணக்கு

நகையை எடுக்க வேண்டாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ரசீது தர வேண்டும். வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

விசிட் விசாவில் வேலை செய்தால் சட்டப்படி அவர் தொழிலாளியே இல்லை. மேலே எழுதிய பணி முடிவுத் தொகை, இழப்பீடு, கஃபீல் மாற்றம் ஒன்றும் பொருந்தாது. சம்பளம் நின்றால் புகார் கொடுக்கப் போன இடத்தில் அவர்தான் குற்றவாளி.

பத்தாவது தேறாதவர் என்றால் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) இருக்கும், வேலை விசாவும் குடிபெயர்வு அனுமதியும் இல்லாமல் போகக் கூடாது. அனுமதி எடுக்கும்போதே பிரவாசி பாரதிய பீமா காப்பீடு வரும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். சாரத்தில் ஏறுகிற ஆளுக்கு அது இல்லாமல் ஆகாது. ஏஜெண்ட் இமைக்ரேட்டில் ஏற்றும் ஒப்பந்தத்தில் பேஸிக் 1,500 என்றே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிளையன்ட் யார் என்ற பதிலும் எழுத்தில் வந்த பிறகு பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.