பாட்டி வழி வந்த நீலச் சித்திரப் பீங்கான் பாத்திரங்கள்: எந்தக் காலத்தவை என்று அறிய உதவி தேவை

அந்திவானம்:
அனைவருக்கும் வணக்கம். பாட்டியின் காலத்திற்குப் பின், நீலநிறச் சித்திரம் கொண்ட பீங்கான் பாத்திரங்கள் ஒரு பெட்டி நிறைய எங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அடியில் ஒரு முத்திரையும் ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் உள்ளன. இவை வெட்ஜ்வுட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் பீங்கான் நிறுவனத்தின் பாத்திரங்கள் என்றும், நூற்றைம்பது ஆண்டுப் பழமையானவை என்றும் சித்தப்பா உறுதியாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாகம் பிரிக்க வேண்டியிருப்பதால், ஆண்டைக் கணிக்கத் தெரிந்தவர்கள் சற்று விரைவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நிலாமுற்றம்:
வணக்கம். நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தை வைத்து எதுவும் சொல்ல இயலாது. ‘இங்கிலாந்து’ என்று மட்டும் இருக்கிறதா, ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருக்கிறதா? முத்திரை மையால் அச்சிடப்பட்டதா, களிமண்ணில் அழுத்திப் பதிக்கப்பட்டதா? எல்லாப் பாத்திரங்களிலும் ஒரே முத்திரைதானா? அடிப்பகுதியின் படம் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பழஞ்சுவடு:
என்னைப் பொறுத்தவரை முத்திரையை விட மேற்பூச்சுதான் நம்பத்தக்கது. பாத்திரத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அந்தப் பூச்சான மெருகில் சிலந்தி வலையைப் போன்ற மெல்லிய கோடுகள் ஓடினால் அது நூறாண்டைத் தாண்டியது என்று தாராளமாக முடிவு செய்யலாம். என் கைக்கு வந்த பழைய பாத்திரங்கள் அனைத்திலும் இந்தக் கோடுகள் இருந்தன.

வெண்சங்கு:
முதலில் அது போன் சைனாவா என்று பாருங்கள் சகோதரி. பாத்திரத்தின் பின்னால் விளக்கைப் பிடித்து, விளக்குக்கும் பாத்திரத்துக்கும் இடையே உங்கள் விரல்களை வைத்தால் அவற்றின் நிழல் தெரிய வேண்டும். சுட்ட எலும்புச் சாம்பல் ஏறத்தாழ பாதியளவு கலந்த கலவை என்பதால்தான் அது அப்படி ஒளி விடுகிறது. உங்களுடையதும் போன் சைனாவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுடுமண்:
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை கேட்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் பொறுமையாக விடை சொல்லப்பட்டிருக்கிறது. பழைய உரையாடல் இழைகளைப் படித்துவிட்டு வருவதும், பாத்திரத்தைக் கவிழ்த்து ஒரு படம் எடுப்பதும் பெரிய சிரமங்கள் அல்ல. அடிமுத்திரையைச் சொல்லாமல் ஆண்டைக் கேட்பவருக்கு யார்தான் உதவ முடியும்? இருப்பினும் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்தின்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றாயிற்று. ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பாத்திரம் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு அந்த ஒரு சொல்லிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. ‘மேட் இன்’ சேர்ந்திருந்தால் அது இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இதே முறையில் ‘நிப்பான்’ என்பது 1891க்கும் 1921க்கும் இடைப்பட்ட ஜப்பானையும், ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்பது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தையும் காட்டும்.

நிலாமுற்றம்:
சுடுமண் ஐயா சொன்னதோடு ஒரு சிறு திருத்தம். அந்தச் சட்டத்திற்கு முன்பே நாட்டின் பெயரைப் பொறித்த உற்பத்தியாளர்களும் உண்டு. சொந்த நாட்டுச் சந்தைக்கு மட்டும் செய்தவர்கள் அதற்குப் பிறகும் பொறிக்காமல் விட்டதும் உண்டு. எனவே அதை ஒரு தோராயமான எல்லையாக மட்டும் வைத்துக்கொண்டு மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

அந்திவானம்:
மன்னிக்கவும், பெட்டி சித்தப்பா வீட்டில் இருப்பதால் படம் எடுக்க இயலவில்லை. முத்திரையில் ஒரு சிங்கமும் குதிரை போன்ற ஒன்றும் எதிரெதிரே நின்றதாக நினைவு. விளக்கின் முன் பிடித்துப் பார்த்தபோது ஒளி ஊடுருவவில்லை. மெல்லிய கோடுகள் நிறைய இருக்கின்றன.

பழஞ்சுவடு:
கோடுகள் இருக்கின்றன என்றால் வேறு சான்று தேவையில்லை. நூறாண்டு உறுதி.

சுடுமண்:
இந்தக் கருத்து பரவக் கூடாது என்பதற்காகவே மீண்டும் எழுதுகிறேன். அந்தக் கோடுகள் வயதின் கணக்கு அல்ல. சூளையிலிருந்து எடுத்த பாத்திரம் ஆறும்போது, உடற்களிமண்ணைவிட மெருகு கூடுதலாகச் சுருங்கினால் அது இழுவிசைக்கு உட்பட்டு வெடிக்கிறது. நுண்துளை உள்ள களிமண் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி மெல்ல விரிவதாலும், திடீர் வெப்பமாற்றத்தாலும் அது நிகழும். சூளையை விட்டு வந்து சில வாரங்களே ஆன பாத்திரத்தில்கூட அதைக் காணலாம்; 1850ஐ ஒட்டிய நல்ல போன் சைனாவில் ஒரு கோடுகூட இல்லாமலும் இருக்கலாம்.

பழஞ்சுவடு:
ஏட்டில் அப்படி இருக்கலாம். கையில் எடுத்துப் பழகியவனின் அனுபவத்தை ஏடு தள்ளிவிட முடியாது. கோடுகளில் ஏறியிருக்கும் பழுப்புக் கறை ஒரே நாளில் வந்துவிடுமா?

சுடுமண்:
கறை ஏறியிருப்பது பாத்திரம் பயன்பட்டது என்பதையே காட்டும். எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைக் காட்டாது.

வெண்சங்கு:
கறையை எடுக்க எண்ணி யாரும் குளோரின் வெளுப்பான் ஊற்றிவிடாதீர்கள். அது விரிசல்களுக்குள் இறங்கிப் பின்னர் மெருகையே பெயர்த்துவிடும்.

நிலாமுற்றம்:
இருவரும் சற்றுப் பொறுத்தால் கேள்வி கேட்டவருக்கு உதவலாம். சகோதரி, ஒளி ஊடுருவவில்லை என்பதால் இது போன் சைனா அன்று. எர்த்தன்வேர் எனப்படும் நுண்துளை உள்ள மண்பாண்ட வகையாகவோ கல்வகைப் பீங்கானாகவோ இருக்கலாம். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பிரிட்டன் அரச சின்னத்தில் உள்ளவை. இங்கிலாந்தில் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஸ்டாஃபோர்ட்ஷயரின் பல உற்பத்தியாளர்கள் அதைத் தங்கள் முத்திரையில் வைத்துக்கொண்டதால், சின்னத்தை வைத்து உற்பத்தியாளரைக் கண்டுபிடிக்க இயலாது. அதன் கீழுள்ள பெயர்தான் முக்கியம். சித்தப்பா சொன்ன வெட்ஜ்வுட் என்ற பெயருக்குப் பின்னால் ‘அண்ட் கோ’ என்று இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். ஜோசையா வெட்ஜ்வுட் தொடங்கிய நிறுவனம் வேறு. அதே பகுதியில் டன்ஸ்டால் என்ற ஊரில் இருந்த வெட்ஜ்வுட் அண்ட் கோ வேறு. சித்திரம் வில்லோ வகையாக (வில்லோ மரமும் பாலமும் கொண்ட சீனப் பாணிக் காட்சியாக) இருந்தால் அதைக் கொண்டும் காலத்தைச் சொல்ல முடியாது, ஏனெனில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எண்ணற்ற ஆலைகள் அதைச் செய்திருக்கின்றன.

கையில் எடுக்கும்போது இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். ஓரப் பூவேலையை விரலால் தொடர்ந்து சென்றால், அச்சுத்தாளின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் கொடியின் ஒரு இலை பாதியாக வெட்டுப்பட்டிருக்கும்; செம்புத்தகட்டிலிருந்து தாளில் எடுத்து ஒட்டிய சித்திரத்திற்கு அது நல்ல அடையாளம். உருப்பெருக்கியின் கீழ் கோடுகளுக்குப் பதிலாகச் சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் பிற்கால அச்சுமுறை என்று ஐயப்படலாம். தட்டின் அடியில், சூளையில் தாங்கிய முக்காலிக் கட்டை விட்ட மூன்று சிறு தழும்புகளும் இருக்கலாம். ‘ஆர்.டி.’ என்ற எழுத்துகளுடன் ஓர் எண் (வடிவமைப்புப் பதிவு எண்) தென்பட்டால் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

அந்திவானம்:
பெட்டியை இன்று திறந்து பார்த்தேன். மூடியுள்ள கிண்ணங்களிலும் கோப்பைகளிலும் ‘வெட்ஜ்வுட் அண்ட் கோ லிமிடெட்’ என்றும், ஆர்.டி. எண் 355 என்று தொடங்கும் ஆறு இலக்கமும் உள்ளன. கடைசி மூன்று இலக்கங்கள் மங்கிவிட்டன. தட்டுகளில் மட்டும் ‘ஈனோக் வெட்ஜ்வுட் டன்ஸ்டால்’ என்று இருக்கிறது, அவற்றின் நீலமும் சற்று வெளிறியது. மிக்க நன்றி.

சுடுமண்:
இதை முதல் நாளே எழுதியிருந்தால் இவ்வளவு பேர் ஊகத்தில் நேரத்தைச் செலவிட்டிருக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் வடிவமைப்புப் பதிவு எண்கள் 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கின. 3,51,000ஐ ஒட்டி 1900ஆம் ஆண்டும், 3,68,000ஐ ஒட்டி 1901ஆம் ஆண்டும் தொடங்குகின்றன. எனவே 355 எனத் தொடங்கும் எண் 1900ஐச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் பெயரில் ‘லிமிடெட்’ சேர்ந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டில்தான் என்பதால், இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆனால் பதிவானது அந்தக் கிண்ணத்தின் வடிவமாகவோ சித்திரமாகவோ இருக்கலாம். அதன்பின் அந்த அச்சில் எத்தனை ஆண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை எண் சொல்லாது. 1900க்கு முந்தியவை அல்ல என்பதை மட்டும் உறுதியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டுகள் வேறு கதை. டன்ஸ்டால் நிறுவனம் ஈனோக் வெட்ஜ்வுட் என்ற பெயரை 1965இல்தான் ஏற்றது. 1980இல் அதைப் பெரிய வெட்ஜ்வுட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. உடைந்துபோன பழைய தட்டுகளுக்கு மாற்றாக யாரோ அந்த இடைக்காலத்தில் வாங்கிச் சேர்த்திருக்க வேண்டும்.

வெண்சங்கு:
அப்படியானால் பாகம் பிரிக்கும்போது தட்டுகளையும் கிண்ணங்களையும் ஒரே வயதுள்ளவை என்று கணக்கிட வேண்டாம். மூடியைக் கிண்ணத்திலிருந்து பிரித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தனித்த மூடிக்கும் தனித்த கிண்ணத்திற்கும் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

நிலாமுற்றம்:
பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, மேற்புறமும் அடிப்புறமுமாகப் படம் எடுத்து உடன்பிறந்தோர் அனைவரிடமும் ஒரு பிரதி இருக்கும்படி செய்துவிடுங்கள். அந்தக் காலத்து மெருகில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்ததால், கோடு விழுந்த கிண்ணங்களில் அமிலத்தன்மை உள்ள எதையும் வைத்துப் புழங்காமல் இருப்பதே பாதுகாப்பு. ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது: கோப்பைகளுக்கான சாசர்களில் எந்தப் பெயர் உள்ளது என்று நீங்கள் சொல்லவில்லையே, அவை கோப்பைகளோடு வந்தவையா, தட்டுகளோடு வந்தவையா?

பழஞ்சுவடு:
கோடுகள் உள்ள கிண்ணங்கள் நூறாண்டைத் தாண்டியவை என்று ஆகிவிட்டது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சுடுமண்:
நூறாண்டு என்று எண்கூட உறுதி சொல்லவில்லை; 1900க்கு முந்தியவை அல்ல என்று மட்டும் சொன்னதும் எண்தான், கோடு அன்று. தட்டுகளிலும் கோடுகள் இருக்கின்றனவா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.