ரஸ்ட்டில் அமைப்புகளும் ரகசியங்களும்: ஒரே ஸ்ட்ரக்ட்டில் போடலாமா, கூடாதா?

அரைகுறை

சின்ன வெப் சர்வர் ஒன்றை ரஸ்ட் மொழியில் எழுதி ஆறேழு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போர்ட் எண், டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு எல்லாமே இதுவரை நிரலுக்குள்ளேயே இருந்தன (சிரிக்காதீர்கள்). இப்போது இரண்டாவது சர்வரிலும் ஏற்ற வேண்டும் என்பதால் கான்ஃபிக் என்ற கிரேட்டை, அதாவது ரஸ்ட் லைப்ரரியை, சேர்த்தேன். அடியில் ஒரு டாம்ல் கோப்பு (பெயர், மதிப்பு என்று வரி வரியாக எழுதும் அமைப்புக் கோப்பு), அதன்மேல் அந்தந்த சர்வருக்கான கோப்பு, அதற்கும் மேலே என்வ் வேரியபிள் (புரோகிராமுக்கு வெளியிலிருந்து தரும் பெயரும் மதிப்பும்). பிறகு சேர்ப்பது முன்னால் சேர்த்ததை மாற்றி எழுதும். எல்லாம் செர்டே (தரவை ரஸ்ட் டைப்பாக மாற்றும் கிரேட்) வழியாக செட்டிங்ஸ் என்ற ஒரே ஸ்ட்ரக்ட்டில் (பல ஃபீல்டுகளைச் சேர்த்து வைக்கும் டைப்) வந்து விழுகிறது, பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் உட்பட, எல்லாம் வெறும் ஸ்ட்ரிங். ரிவ்யூ செய்த நண்பர் "ரகசியத்தை இதில் கலக்காதே" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். ஏன் கூடாது? வேலை செய்கிறதே.

பழைய_ஆணி

நண்பர் சொன்னது சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த கிரேட்டே எதற்கு? உங்களிடம் எத்தனை அமைப்பு இருக்கும், பத்தா, பன்னிரண்டா? ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே என்வ் வேரியபிளை வாசிக்க ஃபங்ஷன் இருக்கிறது. அதை வைத்து, ஒரு பெயர் இல்லையென்றால் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்படி நாற்பது வரி எழுதினால் கதை முடிந்தது. 2011-இல் ஹெரோக்கு என்ற கிளவுட் நிறுவனத்துக்காரர்கள் எழுதிய பன்னிரண்டு காரணி ஆவணமும் இதைத்தான் சொன்னது: அமைப்பு என்வ்-இல் இருக்கட்டும், ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) இந்த நிமிடமே ஊருக்குத் திறந்துவிட்டாலும் ஒரு சாவியும் வெளியே போகக் கூடாது. டெவலப்மென்ட், புரொடக்‌ஷன் என்று பெயர் வைத்துக் கோப்புகளை அடுக்குவதையும் அதே ஆவணம் வேண்டாம் என்கிறது.

இந்த அடுக்கு வேலையில் நான் பட்டதைச் சொல்கிறேன். முன்னொட்டு "ஆப்", பிரிப்பான் இரட்டை அடிக்கோடு. டேட்டாபேஸ் ஹோஸ்ட்டை மாற்ற ஆப்_டிபி__ஹோஸ்ட் என்று வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, எரரும் இல்லை, சர்வர் சமர்த்தாக எழுந்து கோப்பில் இருந்த பழைய ஹோஸ்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. பிரிப்பானைத் தனியாகக் கொடுத்தால் முன்னொட்டுக்குப் பின்னாலும் அதே பிரிப்பான்தான் வர வேண்டுமாம், அதாவது ஆப்__டிபி__ஹோஸ்ட். ஒரு அடிக்கோட்டுக்காக அரை நாள் போனது.

கோடுதாண்டி

> அந்த கிரேட்டே எதற்கு?

நாற்பது வரி என்று ஆரம்பிக்கிற எல்லாமே ஒரு வருடத்தில் நானூறு வரி ஆகும் அண்ணே, அதுவும் டெஸ்ட் இல்லாத நானூறு. இன்றைக்கு போர்ட் எண், நாளைக்கு டைம்அவுட்டை "30 நொடி" என்று எழுத வேண்டும், மறுநாள் ஒரு பட்டியல் வேண்டும், அப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாக நாலு ஸ்ட்ரக்ட். கடைசியில் நீங்களே கையால் ஒரு கான்ஃபிக் கிரேட் எழுதி முடித்திருப்பீர்கள், ஆவணம் மட்டும் இருக்காது.

அடிக்கோட்டுப் பிரச்சினை உண்மை. அதற்குத்தான் ஃபிகமென்ட் என்ற இன்னொரு கிரேட் இருக்கிறது. ராக்கெட் என்ற வெப் ஃப்ரேம்வொர்க் 0.5 பதிப்பில் உள்ளுக்குள் பயன்படுத்துவதும் அதையே. ஒவ்வொரு மதிப்பும் எங்கிருந்து வந்தது, கோப்பா, என்வ்-ஆ, எந்தச் சாவி என்று அது நினைவில் வைத்திருக்கும். தப்பு நடந்தால் எரரிலேயே அந்த இடத்தைச் சொல்லிவிடும். செர்டேயில் தெரியாத ஃபீல்டு வந்தால் மறுக்கச் சொல்லும் குறிப்பையும் போட்டுவிட்டால் எழுத்துப்பிழை தப்பாது.

ரகசியத்துக்கு சீக்ரெஸி கிரேட். ஸ்ட்ரிங் இருந்த இடத்தில் சீக்ரெட்ஸ்ட்ரிங் என்று போடுங்கள், செர்டே ஃபீச்சரைத் திறந்துவிடுங்கள், ஒரே ஸ்ட்ரக்ட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். டீபக்கில் (பிழை தேடுவதற்கான அச்சு வடிவில்) அச்சிட்டால் மறைக்கப்பட்டது என்றுதான் வரும். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் வெளிக்காட்டும் ஃபங்ஷனை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஆக ரெப்போவில் அந்தப் பெயரைத் தேடினால் ரகசியம் எங்கெல்லாம் திறக்கப்படுகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதை உங்கள் நாற்பது வரி தருமா?

பழைய_ஆணி

தெரியாத ஃபீல்டை மறுப்பது என் அடிக்கோட்டைப் பிடித்திருக்காது தம்பி. முன்னொட்டே பொருந்தாததால் அந்த வேரியபிள் செர்டேயின் வாசல் வரைக்கும் வரவே இல்லை, அப்புறம் அது எதை மறுக்கும்? போகட்டும், ஃப்ளாட்டன் (உள்ளிருக்கும் ஸ்ட்ரக்ட்டின் ஃபீல்டுகளை வெளியே விரிப்பது) பயன்படுத்தும் ஸ்ட்ரக்ட்டில் அந்தக் குறிப்பே செல்லாது என்று செர்டேயின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

அரைகுறை

சீக்ரெஸி நல்ல யோசனையாகத் தெரிகிறது. ஆனால் நான் எங்கேயும் செட்டிங்ஸை அச்சிடவில்லையே. பிரின்ட் வரியே இல்லை. அப்போதும் தேவையா?

கோடுதாண்டி

ட்ரேசிங் (லாக் பதியும் கிரேட்) வைத்திருக்கிறீர்களா? ஃபங்ஷன்மேல் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்ரிபியூட் போட்டிருக்கிறீர்களா? ஆம் என்றால் அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஸ்கிப் என்று சொல்லாதவரை அந்த ஃபங்ஷனுக்கு வரும் ஆர்க்யுமென்ட் எல்லாவற்றையும் அது டீபக் வழியாக ஸ்பானில், அதாவது லாக்கோடு வரும் குறிப்பில், பதிந்துவிடும். டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும் ஃபங்ஷனுக்கு செட்டிங்ஸை அனுப்பினீர்கள் என்றால் பாஸ்வேர்டும் கூடவே போகும்.

அரைகுறை

போய்ப் பார்த்தேன். இருக்கிறது. முழுசாக இருக்கிறது. ஐயோ.

இரவுக்காவல்

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்திலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இருவரும் எந்த லைப்ரரி என்று அடித்துக்கொள்கிறீர்கள், ரகசியம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்வ் வேரியபிள் ரகசியத்துக்கு உகந்த இடமே இல்லை. லினக்ஸில் அதே யூசராக ஓடும் எந்த புராசஸும் ப்ராக் கோப்பகத்துக்குள் போய் உங்கள் புராசஸின் என்விரான் கோப்பைத் திறந்து படிக்கலாம். நீங்கள் கிளப்பும் ஒவ்வொரு குழந்தை புராசஸுக்கும், படத்தைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவிக்குக்கூட, நீங்களாக நீக்காதவரை முழுப் பட்டியலும் அப்படியே கைமாறும். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் என்வ்-ஆகக் கொடுத்ததை இன்ஸ்பெக்ட் கட்டளை வரி வரியாகக் காட்டும்.

சீக்ரெட்ஸ்ட்ரிங் டிராப் ஆகும்போது நினைவகத்தைத் துடைக்கிறது என்று அடுத்ததாக யாராவது சொல்வீர்கள். துடைக்கும், ஆனால் தன் கையில் இருக்கும் பிரதியை மட்டும். மூலம் என்விரான் பகுதியில் அப்படியே கிடக்கிறது. நடுவில் கான்ஃபிக் கிரேட் எல்லா மதிப்பையும் தன் சொந்த மேப்பில் சாதாரண ஸ்ட்ரிங்காக வைத்திருந்ததே, அந்தப் பிரதியை யார் துடைப்பது?

கோடுதாண்டி

நினைவகத்தைப் பற்றிச் சொன்னது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சர்வரின் நினைவகத்தைப் படிக்கும் அளவுக்கு ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அங்கே இன்னொரு பிரதி கிடந்தால் என்ன, கிடக்காவிட்டால் என்ன. பெரும்பாலும் ரகசியம் கசிவது லாக் வழியாகத்தான், அல்லது யாரோ அவசரத்துக்கு எழுதிய நிலைமை காட்டும் பக்கம் வழியாக. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மொத்த செட்டிங்ஸையும் ஜேசனாகத் திருப்பும் ஒரு முகவரி இருந்தது, டீபக் செய்ய என்று வைத்ததை எடுக்க மறந்துவிட்டார்கள். சீக்ரெட்ஸ்ட்ரிங் இருந்திருந்தால் அது கம்பைலே ஆகியிருக்காது, ஏனென்றால் சீரியலைஸை (வெளியே எழுதிக் கொடுக்கும் திறனை) அது வேண்டுமென்றே கொடுப்பதில்லை. இதைத்தான் ஒரே ஸ்ட்ரக்ட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்கிறேன், டைப்பே காவல் காக்கும்.

இரவுக்காவல்

டைப் வந்த பிறகுதானே காக்கும்? வருவதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். டாம்ல் கோப்பில் பாஸ்வேர்டு வரியில் முடிவு மேற்கோளை யாரோ விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாம்ல் கிரேட் என்ன எரர் தரும் தெரியுமா? எந்த வரி, எந்த நெடுவரிசை என்று சொல்லி, கீழே அந்த வரியையே அப்படியே எடுத்துப் போட்டு, தப்பு நடந்த இடத்துக்கு அடியில் அம்புக்குறி வைக்கும். மனிதனுக்கு ரொம்ப உதவியான எரர்தான். ஆனால் அந்த வரியில் இருப்பது பாஸ்வேர்டு. சர்வர் எழாமல் விழும், மேலாளர் புராசஸ் அதைத் திரும்பத் திரும்ப எழுப்பும், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு லாக்கில் ஒரு தடவை. சீக்ரெட்ஸ்ட்ரிங் இன்னும் பிறக்கவே இல்லை.

கோப்பு சரியாக இருந்தாலும் இதே கதைதான். டெப்லாய் செய்தவர் இரண்டு வேரியபிளை மாற்றிப் போட்டு, போர்ட்டில் பாஸ்வேர்டு வந்துவிட்டால், செர்டே "இந்த ஸ்ட்ரிங் வந்தது, எண்ணை எதிர்பார்த்தேன்" என்று வந்த ஸ்ட்ரிங்கை மேற்கோளுக்குள் போட்டுச் சொல்லும். நீங்கள் புகழ்ந்த ஃபிகமென்ட்டும் அதையே செய்யும், எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து.

கோடுதாண்டி

...இதை நான் யோசித்ததில்லை.

பழைய_ஆணி

என் நாற்பது வரியில் எரர் பெயரை மட்டும்தான் சொல்லும், மதிப்பைச் சொல்லாது. சும்மா நினைவுபடுத்தினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கான்ஃபிக் கிரேட்டில் என்வ் மதிப்பை எண்ணாகவோ பூலியனாகவோ ஊகிக்கச் சொல்லும் ட்ரை பார்ஸிங் வசதியைப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டு 00417 என்று இருந்தால் அது முதலில் எண்ணாகும், பிறகு ஸ்ட்ரிங்காகும், உங்கள் கைக்கு வருவது 417. 83ஈ12 மாதிரி, நடுவில் ஆங்கில ஈ உள்ள டோக்கன் என்றால் இன்னும் அழகு, அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 83-க்குப் பின்னால் பன்னிரண்டு சுழியம் போட்டுத் தரும்.

கோடுதாண்டி

அந்த வசதி தானாக வராது, நீங்களாகத்தான் போட வேண்டும். போடாவிட்டாலும் போர்ட் எண் சரியாகவே வரும், ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் வேலையை அந்த கிரேட் ஃபீல்டைப் பார்த்தே செய்துகொள்ளும். உங்கள் குற்றப்பத்திரிகையில் பாதி, திறக்கத் தேவையில்லாத கதவைத் திறந்துவிட்டுக் காற்று வருகிறது என்பதுதான்.

அரைகுறை

சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். என் மெஷினில் டாட்என்வி கிரேட் வைத்து ஒரு கோப்பிலிருந்து என்வ்-இல் ஏற்றுகிறேன். அதாவது சரியா?

இரவுக்காவல்

அந்தப் பெயரில் இருந்த பழைய கிரேட்டை இப்போது யாரும் பராமரிப்பதில்லை, ரஸ்ட்டின் பாதுகாப்பு அறிவிப்புப் பட்டியலில் ரஸ்ட்செக் 2021-0141 என்று அறிவிப்பே இருக்கிறது. அதன் கிளை டாட்என்வை (dotenvy), அதற்கு மாறுங்கள். அப்புறம் அதை எங்கே கூப்பிடுகிறீர்கள் என்றும் பாருங்கள். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் டோக்கியோ ரன்டைமின் மெயின் மேக்ரோவுக்குள் கூப்பிட்டால், மெயினின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே த்ரெட்கள் கிளம்பிவிட்டிருக்கும். பல த்ரெட் ஓடும்போது என்வ்-இல் எழுதுவது யூனிக்ஸ் பக்கம் பாதுகாப்பானது இல்லை. அதனால்தான் 2024 எடிஷனில் என்வ்-ஐ மாற்றும் ஃபங்ஷனை அன்சேஃப் ஆக்கிவிட்டார்கள், ரஸ்ட் 1.85-இலிருந்து. சாதாரண மெயினில் முதலில் ஏற்றிவிட்டு, பிறகு ரன்டைமை நீங்களே கட்டுங்கள்.

கோடுதாண்டி

சரி, என்வ் வேண்டாம், ஒரே டாம்ல் கோப்பு வேண்டாம், எதைத்தான் வைப்பது? குறை சொல்வது சுலபம்.

இரவுக்காவல்

ரகசியம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு, உள்ளே அந்த மதிப்பு மட்டும், வேறு எந்த எழுத்தும் இல்லை. செட்டிங்ஸில் கோப்பகத்தின் பாதை மட்டும் இருக்கட்டும், பாதை லாக்கில் போனால் போகட்டும். லினக்ஸில் சேவைகளைக் கிளப்பி மேய்க்கும் சிஸ்டம்டியில் 247-ஆம் பதிப்பிலிருந்து லோட்கிரெடென்ஷியல் என்ற வரி இருக்கிறது. அந்தச் சேவைக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோப்பகத்தில் கொண்டுவந்து வைத்து, அதன் பாதையை என்வ்-இல் சொல்லும், வட்டில் இருக்கும் ஸ்வாப்புக்கும் போகாது. கன்டெய்னர் என்றால் ரன் கோப்பகத்துக்குக் கீழே சீக்ரெட்ஸ். குபர்னெட்டீஸிலும் கோப்பாக மவுன்ட் செய்யுங்கள், அங்கே சீக்ரெட் என்று பெயர் இருப்பதால் பூட்டிவிட்டதாக நினைக்காதீர்கள், திரையில் தெரிவது வெறும் பேஸ்64, யாரும் திருப்பிவிடக்கூடிய எழுத்து மாற்றம்.

நிரல் பக்கம் ஒரு சின்ன ஃபங்ஷன்: கோப்பைப் படி, நேராக சீக்ரெட்ஸ்ட்ரிங்கில் போடு, முடியாவிட்டால் கோப்பின் பெயரை மட்டும் சொல்லி நில். நடுவில் மேப் இல்லை, பார்சர் இல்லை, உதவி செய்கிறேன் என்று வரியைக் காட்டும் எரரும் இல்லை. முக்கியமாக, கடைசியில் இருக்கும் நியூலைனை நீக்குங்கள். எக்கோ கட்டளையால் கோப்பை உருவாக்கியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பாஸ்வேர்டு தப்பு என்று ஒரு இரவைத் தொலைத்திருப்பார்கள்.

பழைய_ஆணி

கடைசியில் நாற்பது வரிக்கே வந்து சேர்ந்தீர்கள்.

கோடுதாண்டி

ரகசியத்துக்கு மட்டும். அமைப்புக்கு நான் லைப்ரரியை விடுவதாக இல்லை. டைம்அவுட்டைக் கையால் பார்ஸ் செய்வதில் உங்களுக்கு என்ன சுகமோ.

பழைய_ஆணி

என் புரோகிராமில் டைம்அவுட் ஒன்றே ஒன்றுதான். அதுவும் நொடியில், வெறும் எண்ணாக.

அரைகுறை

இரண்டாகப் பிரித்துவிட்டேன். செட்டிங்ஸ் கான்ஃபிக் கிரேட் வழியாக, ட்ரை பார்ஸிங் இல்லாமல். சீக்ரெட்ஸ் தனி ஸ்ட்ரக்ட், தனிக் கோப்புகள், செர்டே தானாக நிரப்புவதற்கான டீசீரியலைஸ் டிரைவ்கூட அதற்குக் கொடுக்கவில்லை. டேட்டாபேஸ் முகவரிக்குள் பாஸ்வேர்டு ஒட்டிக்கொண்டிருந்ததையும் பிரித்தேன், யூஆர்எல் கிரேட்டின் டைப்பை டீபக்கில் அச்சிட்டால் பாஸ்வேர்டையும் காட்டுகிறது என்று இப்போதுதான் பார்த்தேன். டாட்என்வையும் சாதாரண மெயினின் முதல் வரிக்குப் போய்விட்டது. நிரலில் இனி ஒரு ரகசியமும் இல்லை, கமிட் செய்து ஏற்றிவிட்டேன். நன்றி அண்ணே, எல்லோருக்கும்.

பழைய_ஆணி

ஆறேழு மாதமாக நிரலுக்குள் இருந்தது என்று முதலில் சொன்னீர்களே, அந்தப் பழைய பாஸ்வேர்டை டேட்டாபேஸில் மாற்றினீர்களா? கிட் வரலாற்றில் ஒவ்வொரு கமிட்டிலும் இருக்குமே. ட்ரேசிங் லாக்கில் போனதும் அதேதானே?

அரைகுறை

அதே பாஸ்வேர்டைத்தான் புதுக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

போய் மாற்றிவிட்டு வருகிறேன்.