மறுமொழி: அதிபர் தனக்கே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு – என்ன சொல்?

வணக்கம்.

> ‘சுயமன்னிப்பு’ போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். “உங்களை நீங்களே மன்னியுங்கள்” என்று மனநல ஆலோசகர்கள் சொல்வார்களே, அந்தப் பொருளில்தான் படிப்பார்கள். நமக்கு வேண்டியது, அமெரிக்க அதிபர் தன் குற்றத்திலிருந்து தன்னையே விடுவித்துக் கையெழுத்திடும் சட்டச் செயலுக்கான (self-pardon) பெயர்.

‘தண்டனை நீக்கம்’ பொருந்தாது. 1974 செப்டம்பர் 8 அன்று, பதவி விலகியிருந்த அதிபர் நிக்சனுக்கு அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு மன்னிப்பு வழங்கியபோது, தண்டனை இருக்கட்டும், அவர்மீது குற்றப்பத்திரிகைகூட இல்லை. ‘பொதுமன்னிப்பு’ கூட்டமாகப் பலருக்கு வழங்குவது. அதை அதற்கே விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை: மன்னிப்பாணை, அதிலிருந்து தன்மன்னிப்பாணை. மன்னிப்பு என்பது ஒரு பத்திரம், பெறுபவரிடம் சேர்ந்து அவர் ஏற்றால்தான் செல்லும் என்று 1833-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மார்ஷல் எழுதினார். ஆக, இது எழுதித் தரும் ஒன்று. தருபவரும் பெறுபவரும் ஒருவரே என்றால் அது தருவதாகுமா என்பதுதான் சண்டையே.

‘ஆணை’ என்றாலே செல்லுபடியாகும் என்று தொனிக்காதா என ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் ‘செல்லாத ஆணை’ என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். இங்கே அந்த இடைவெளி அவசியம், ஏனெனில் அதிபர் தன்னையே மன்னிப்பது செல்லுமா என்பதற்கு விடை இன்னும் வரவில்லை. அமெரிக்க அரசமைப்புச் சட்டம் மன்னிப்பு அதிகாரத்திலிருந்து பதவிநீக்க வழக்குகளை மட்டுமே விலக்குகிறது. ‘தனக்கு’ என்ற பேச்சே இல்லை. நிக்சன் விலகுவதற்குச் சில நாள் முன், 1974 ஆகஸ்ட் 5 அன்று, அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தைச் (Justice Department) சேர்ந்த சட்ட ஆலோசனை அலுவலகம், ஒருவர் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது, ஆகவே அதிபர் தன்னை மன்னித்துக்கொள்ள முடியாது என்றது. அது கருத்துரைதான், தீர்ப்பல்ல. தன்னையே மன்னித்துக்கொள்ளத் தனக்கு முழு உரிமை உண்டு என்று 2018-இல் அதிபர் டிரம்ப் அறிவித்தார். யாரும் செய்து பார்க்காததால் நீதிமன்றம் இதைத் தொட்டதேயில்லை.

அரசமைப்புச் சட்டத்தை எழுதிய 1787 மாநாட்டிலேயே ராண்டால்ஃப் என்ற பிரதிநிதி தேசத்துரோகத்துக்கு மன்னிப்பு கூடாது என்றார். அதிபரே குற்றவாளியாக இருக்கலாமே என்பது அவர் கவலை. அப்படியானால் பதவிநீக்கி வழக்குத் தொடரலாம் என்றார் இன்னொரு பிரதிநிதி வில்சன். இந்த உரையாடலை இன்று இரு தரப்பும் தமக்குச் சாதகமாகவே காட்டுகின்றன. சொல்லாக்கத்தில் நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்புறம், அரசமைப்புச் சட்டத்தில் மன்னிப்பு அதிகாரம் தரும் அதே வாக்கியத்தில் தண்டனையைத் தள்ளிப்போடும் அதிகாரமும் வருகிறது. அதற்கு ‘ஒத்திவைப்பாணை’ சரியா? சட்டம் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.