ஒரே பச்சை, இரண்டு சொல்: களிம்பு பற்றி ஒரு மடல்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகங்களில் உள்ள பழம்பொருள்களைப் பேணுவது குறித்த பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழ் வரைவு செப்பம் செய்வதற்காக என்னிடம் வந்தது. 12ஆம் பக்கத்தில், "வெண்கலத்தின் மேலுள்ள களிம்பைச் சுரண்டக் கூடாது, அதுவே பொருளுக்குக் காப்பு" என்றிருந்தது. 14ஆம் பக்கத்தில், "களிம்பைக் கண்டவுடன் அகற்ற வேண்டும், இல்லையேல் பொருள் அழியும்" என்றிருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். மூலத்தில் பாட்டினா என்றும் புரான்ஸ் டிசீஸ் என்றும் இருந்த இரண்டுக்கும் அவர் பார்த்த அகராதி ஒரே சொல்லைத்தான் தந்திருக்கிறது. ஆனால் கையில் ஊசியோடு நிற்கிற பயிற்சி பெறுபவர் எந்தப் பக்கத்தை நம்புவார்?

இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொல் என்ன வைக்கலாம் என்ற கேள்வியைச் சென்ற வாரம் இங்கே வைத்தேன். வந்த பரிந்துரைகளுக்கு மறுமொழி சொல்வதற்கு முன், பொருள் இன்னதென்று ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். பொருள் தெரியாமல் சொல் சமைத்து நாம் பட்டது போதும்.

இரண்டும் பச்சைதான். முதற்பச்சைதான் பாட்டினா. அது செம்போடு காற்றும் ஈரமும் கரியமில வாயுவும் நெடுங்காலம் புழங்கியதால் விளைந்தது. உலோகத்தை ஒட்டிச் செந்நிறக் கியூப்ரைட், அதன் மேல் பச்சை மாலக்கைட், சில இடங்களில் நீல அசுரைட்; மூன்றும் செம்புக் கனிமங்கள். இறுகிய படலம், நகத்தால் கீறினால் பெயராது. உளித்தடமும் எழுத்தும் பல நேரங்களில் அந்தப் படலத்துக்குள்தான் தங்கியிருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர் பொருளின் வரலாற்றையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார்.

இரண்டாம் பச்சைதான் புரான்ஸ் டிசீஸ். இது வெளிர்ந்தது. சுவரில் உப்புப் பூப்பதைப் போல, மடிப்பிலோ குழியிலோ கடுகளவில் பூக்கும். ஊசி முனை பட்டதும் மாவாக உதிரும். உதிர்ந்த இடத்தில் உருப்பெருக்கியை வைத்தால் சிறு குழி தெரியும், குழியின் அடியில் மெழுகைப் போலச் சாம்பல் நிறப் படிவு. அந்தப் படிவுதான் குற்றவாளி: செம்பின் குளோரைடு. மண்ணிலும் கடலிலும் கிடந்தபோது உள்ளே புகுந்த உப்பின் மிச்சம் அது. பொருளை வெளியே எடுத்ததும் ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தொடுகின்றன. வெளிர்பச்சைத் தூள் உண்டாகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கிறது. அமிலம் அடுத்த செம்பைத் தின்று மீண்டும் குளோரைடாகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சக்கரம் நிற்காது. இதனால்தான் இத்தகைய பொருள்களைச் சுமார் 40 விழுக்காட்டுக்கு மேற்படாத ஒப்பு ஈரப்பதத்தில், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறார்கள். 1967இல் டென்மார்க்கின் மேட்சன் எடுத்துரைத்த, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் பூச்சும் இன்றுவரை பயனில் இருக்கிறது.

இனிப் பரிந்துரைகள்.

'வெண்கல நோய்' என்று எழுதிய ஐயா, ஆங்கிலத்தை அப்படியே இறக்கியிருக்கிறீர்கள். இது வெண்கலத்தோடு நிற்பதில்லை. செம்பிலும் பித்தளையிலும் வரும். நோய் என்ற பெயரே ஒரு பழைய குழப்பத்தின் எச்சம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை நுண்ணுயிர்த் தொற்று என்று நம்பியவர்கள் இருந்தார்கள். குளோரைடுச் சக்கரத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ 1890களிலேயே விளக்கிவிட்டார். ஆங்கிலத்தார் கழற்ற மறந்த சட்டையை நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

'பச்சைத் துரு' காதுக்கு இனிது. ஆனால் துரு என்பது இரும்புக்கு உரியது. மேலும் இரும்பின் அரிமானத்தில் பச்சைத் துரு என்றே அழைக்கத்தக்க ஒரு சேர்மம் மெய்யாகவே உண்டு. இரண்டும் ஒரே அறிக்கையில் வந்தால் கதை கந்தல்.

'குளோரைடு அரிமானம்' பிழையற்றது. வேதியியல் பாடத்தில் இருக்கட்டும். ஆனால் அது விளக்கம், பெயரன்று. பாட்டினாவுக்கு 'மூதொளி' என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். பழம்பொருள் வணிகர் எடுத்துக்கொள்ளட்டும், ஆய்வுக்கூடத்துக்கு ஆகாது.

என் கட்சி இது: களிம்பை விட வேண்டாம். இரும்புக்குத் துரு, செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு, வெள்ளி கருக்கும் என்று தமிழ் ஏற்கெனவே உலோகம் பார்த்துச் சொல் வைத்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பு உவமை. மேலே பூசியதன்று, உள்ளேயே கிடப்பது என்பது அதன் கருத்து. சித்தாந்தி அதை அநாதி என்பார், வேதியியலார் புறத்திருந்து வந்த உப்பு என்பார். ஆனாலும் மேலே துடைத்துப் போகாதது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

ஆகவே வினைத்தொகையாக இரண்டு: பாட்டினாவுக்கு உறைகளிம்பு, மற்றதற்கு அரிகளிம்பு. உறைந்த, உறைகின்ற, உறையும் களிம்பு ஒன்று. அரித்த, அரிக்கின்ற, அரிக்கும் களிம்பு மற்றொன்று. நேற்றும் இன்றும் நாளையும் தின்றுகொண்டிருக்கிற சக்கரத்துக்கு முக்காலமும் காட்டும் தொகையை விடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: நடுவில் ஒற்று மிகாது. மெய்ப்புத் திருத்துபவர் எவராவது 'அரிக்களிம்பு' என்று க் சேர்த்தால் சிங்கத்தின் களிம்பாகவோ திருமாலின் களிம்பாகவோ ஆகிவிடும்.

களிம்பு என்றால் மருந்துக்கடைக் களிம்புதானே நினைவுக்கு வரும் என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தனிச்சொல்லாக நின்றால் வரும்தான். அடைகொடுத்த பிறகு வராது என்று நம்புகிறேன். அரிக்கிற மருந்தை யார் தடவிக்கொள்வார்?

இரும்பில் குளோரைடு செய்யும் கேடு தனிக்கதை. துருவின் மேல் சிறு துளிகள் கசிந்து நிற்கும். அதற்குக் 'கசிதுரு' என்று குறித்து வைத்திருக்கிறேன், தனி மடலில் பேசுவோம்.

கையேட்டில் திருத்திப் பார்த்தது இது: "உறைகளிம்பைச் சுரண்டக் கூடாது. அதனிடையே வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தால் அது அரிகளிம்பு; பொருளை உடனே உலர்ந்த பெட்டிக்கு மாற்றி, வேதியியலாரை அழைக்கவும்."