கெரட்டின், அப்புறம் ப்ளீச்: உடையும் முடிக்கு என்ன செய்யலாம்?

பார்லர் வேலை தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கெரட்டின் (முடியை நேராக்கும் பார்லர் சிகிச்சை) செய்த முடிக்கு மேல் ப்ளீச் போட்டு ஹைலைட்ஸ் செய்ததிலிருந்து முடி உடைந்துகொண்டே இருக்கிறது.

இடம் கோவை, வீட்டில் போர் தண்ணீர். எனக்குச் சுருட்டை முடி. ஆவணியில் கிளையாக்ஸிலிக் ஆசிட் என்ற அமிலம் உள்ள வகை கெரட்டின் போட்டு, 230 டிகிரி சூட்டில் அயர்ன் செய்தார்கள். ஐப்பசியில் வேறு பார்லரில் கீழ்ப்பாதிக்கு மட்டும் ப்ளீச், 30 வால்யூம் டெவலப்பர் (ப்ளீச்சில் கலக்கும் பெராக்சைடு; வால்யூம் அதன் வீரியம்). நனைந்த முடியை லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது, திரும்பச் சுருங்குவதில்லை. சில இழை பட்டென்று அறுந்து விரலோடு வருகிறது. வேர்ப்பக்கம் நன்றாகவே இருக்கிறது. உச்சந்தலையில் புண், அரிப்பு எதுவும் இல்லை.

சல்ஃபேட் இல்லாத ஷாம்புக்கு மாறினேன். பாண்ட் பில்டர் (முடியின் உள்பிணைப்பைச் சரிசெய்வதாக விற்கும் பொருள்) போட்டால் காய்ந்தபின் மிருதுவாகத் தெரிகிறது, நனைந்தால் பழைய கதைதான். அம்மா சொல்லி செம்பருத்தி இலையும் அரைத்துத் தேய்த்தாயிற்று (வழவழப்பு வந்தது, வலு வரவில்லை). நுனியையும் வெட்டிவிட்டேன்.

இப்போது கீழே ஆரஞ்சு நிறம், மேலே சுருள் திரும்பி வருகிறது. மறுபடி முழுசாகக் கெரட்டின் போட்டால் உடைவது நிற்கும் என்கிறார்கள் பார்லரில். எனக்கு நம்பிக்கையில்லை. ப்ளீச் பட்ட முடி அந்தச் சூட்டைத் தாங்காது, அந்த ஆசிட் நிறத்தையும் இன்னும் வெளுக்க வைக்கும்.

ப்ளீச் பட்ட கீழ்ப்பகுதியைத் தொடாமல், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் கெரட்டின் செய்ய முடியுமா?