மறு: வருடிய (ஸ்கேன் செய்த) இசைத்தாளைத் திரைக்கு ஏற்ப மாற்றுவது – கலைச்சொல்

> 'இசைத்தாள் மறுவடிவமைப்பு' என்று வைத்துக்கொள்ளலாமே.

வணக்கம் ஐயா. பக்க ஓரத்தை வெட்டினாலும் மறுவடிவமைப்புதான், அளவைக் குறைத்தாலும் மறுவடிவமைப்புதான். இங்கே நடக்கும் வேலை வேறு. ஐஎம்எஸ்எல்பி என்னும் இசைத்தாள் தளத்திலிருந்து ஒரு பழைய பியானோ பதிப்பை இறக்கிச் சின்னத் திரையில் திறந்தால் குறிகள் பொடிப்பொடியாகத் தெரியும். பெரிதாக்கினால் வரியின் வலப்பாதி வெளியே போய்விடும். இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது யார் திரையை நகர்த்துவது? அதனால் கணினி ஐங்கோடுகளையும் (குறிகள் அமரும் ஐந்து கிடைக்கோடுகள்) பார் கோடுகளையும் (இசையைத் தாள அளவுப்படி 'பார்' என்னும் துண்டுகளாகப் பிரிக்கும் நெடுக்குக் கோடுகள்) கண்டுபிடித்து, படத்தைப் பார் பாராக நறுக்கி, வரிக்கு ஐந்து இருந்த இடத்தில் மூன்றாக அடுக்குகிறது. வலக்கை வரியும் இடக்கை வரியும் பிரியாமல் சேர்ந்தே நறுக்கப்பட வேண்டும். புது வரி தொடங்கும் இடத்தில் கிளெஃபையும் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் தொடக்கக் குறி) அதையடுத்த ஷார்ப், ஃபிளாட் குறிகளையும் (சுரத்தை அரைப்படி ஏற்றுபவை, இறக்குபவை) நகலெடுத்து ஒட்ட வேண்டும். பார் கோட்டைத் தாண்டிப் போகும் வில்கோடுதான் (சுரங்களைச் சேர்க்கும் வளைகோடு, ஸ்லர்) பெரிய தலைவலி. பாதி மேல்வரியில், பாதி கீழ்வரியில் தொங்கும்.

> இதற்குத்தான் ஓஎம்ஆர் இருக்கிறதே?

அது வேறு. நீங்கள் சொல்லும் ஓஎம்ஆர், இசைத்தாளைக் கணினி படித்தறிவது (Optical Music Recognition). ஓஎம்ஆர் என்றாலே நம் ஊரில் தேர்வு விடைத்தாள்தான் நினைவுக்கு வரும், அந்தக் குழப்பம் ஒருபக்கம். 1966இல் எம்ஐடியில் டென்னிஸ் புரூஸ்லின் ஆய்வேடு அளித்த காலத்திலிருந்து அந்தத் துறையின் வேலை குறிகளைப் படித்துப் பொருள் கொள்வது. ஆடிவெரிஸ் மென்பொருள் அப்படிப் படித்து மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும், கணினியில் திருத்தக்கூடிய இசைக்கோப்பாகத் தருகிறது. அதை 'இசைக்குறி உணர்தல்' என்போம்; படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு 'எழுத்துணரி' என்ற சொல் புழங்கிவிட்டதால் எளிதில் பிடிபடும்.

நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. கால அளவை ஒன்றரை மடங்காக்கும் புள்ளியா, மைக்கறையா? உணரும் மென்பொருள் முடிவு செய்தே ஆக வேண்டும், தப்பினால் தாளமே கெடும். நறுக்கி அடுக்கும் மென்பொருள் புள்ளியை அப்படியே விட்டுவிடும், வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அச்சகத்தில் 'அச்சுக் கோத்தல்' என்பார்கள். அதையொட்டி 'மீள்கோப்பு' என்று முதலில் நினைத்தேன். ஆனால் கணினியில் கோப்பு என்றால் ஃபைல். அழிந்த ஃபைலை மீட்பது என்று எடுத்துக்கொள்வார்கள். எனவே 'மீள்கோத்தல்'. வினையாகவும் இயல்பாக வருகிறது: "இந்தத் தாளைக் கொஞ்சம் மீளக் கோத்துக் கொடுங்கள்." மின்னூல் வரிகள் திரைக்கேற்ப மாறி அமைவதற்கும் இதே சொல் பொருந்தும்.

'பார்' அப்படியே இருக்கட்டும், பாடகர் குழுக்களில் அதுதான் வழக்கு. வில்கோடு என்று மேலே எழுதியது சரிதானா என்று வயலின் வாசிப்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம் இந்தச் சொற்களை விக்சனரியில் ஏற்றலாம்.